ஜுஹுவில் இன்னும் விமானம் இறங்குகிறதா?

சென்ற இதழில் நவி மும்பை விமான நிலையம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, மும்பையின் முதல் விமான நிலையம் ஜுஹுதான், அது இன்றைக்கும் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது, அதனால் இந்த முறை பக்கம் முழுக்க ஜுஹுதான்.

நான்கைந்து முறை மும்பை போயிருக்கிறேன். ஜுஹு என்றால் கடற்கரையும் நடிகர்கள் வீடும்தான் தெரியும். டிக்கெட் எடுக்கும்போது அப்படி ஒரு விமான நிலையத்தின் பெயரே வருவதில்லையே?
— வாசகர், திருநெல்வேலி

வராது. டிக்கெட் எடுத்துப் போகிற விமானம் எதுவும் அங்கே இறங்குவதில்லை. வில்லே பார்லே மேற்கில், எஸ்.வி. ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே, சுற்றிலும் வீடுகளும் குடிசைகளும் நெருக்கிக்கொண்டிருக்க, நீளமாக ஒரு புல்வெளி கிடக்கும். மதில் மறைப்பதால் ஆட்டோவில் போகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. அதுதான் ஜுஹு விமான நிலையம். இந்திய விமான நிலைய ஆணையம்தான் நடத்துகிறது.

ஆங்கிலத்தில் ஜெனரல் ஏவியேஷன் என்று ஒரு சொல் உண்டு. அதைப் 'பொது வான்போக்குவரத்து' என்று தமிழில் எழுதினால், பொதுமக்கள் எல்லோரும் போகிற விமானம் என்ற தவறான அர்த்தம் வந்துவிடுகிறது. உண்மையில் அது அதற்கு நேர் எதிர். நேரப்பட்டியல் போட்டு டிக்கெட் விற்கிற விமானங்களையும் ராணுவ விமானங்களையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறதோ அது எல்லாமே ஜெனரல் ஏவியேஷன்தான்: விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள், நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர், எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகிறவை, தேர்தல் சமயத்தில் தலைவர்களைச் சுமந்து ஊர் ஊராகப் போகிறவை, நிலத்தை மேலிருந்து படம் எடுக்கிறவை. ஜுஹு இந்த வேலைகளுக்கான இடம். நடைமுறையில் இன்று அது ஹெலிகாப்டர்களின் ஊர் என்றே சொல்லிவிடலாம்.

மெட்ராஸுக்கு முதன்முதலில் விமானத் தபால் ஜுஹுவிலிருந்துதான் வந்தது என்று தாத்தா சொல்லுவார். நிஜமா, இல்லை பம்பாய்க்காரர்களின் பெருமையா?
— வாசகி, மாட்டுங்கா, மும்பை

உங்கள் தாத்தா பெருமைக்காகச் சொன்னதில்லை அம்மா. கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மெட்ராஸுக்கு டாட்டா நிறுவனம் தொடங்கிய முதல் விமானத் தபாலைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதி 1932 அக்டோபர் 15.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 1928-ல், ஜுஹுவில் விமானத் தளம் வந்தது. இந்தியாவில் பொதுப் பயன்பாட்டுக்கென்று வந்த முதல் விமான நிலையம் அது. பாம்பே ஃப்ளையிங் கிளப்பும் அதே வருஷம்தான். தளம் என்றதும் தார் போட்ட ஓடுபாதையை மனதில் கொண்டுவர வேண்டாம், காய்ந்துபோன சேற்று நிலம்தான். இந்தியாவில் பைலட் லைசென்ஸ் நம்பர் 1 வாங்கிய ஜே.ஆர்.டி. டாட்டா (அவர் கைக்கு அது வந்தது 1929 பிப்ரவரி 10-ல்) பறக்கப் பழகியது இந்தத் தரையில்தான்.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து வரும் இம்பீரியல் ஏர்வேஸ் தபால் கராச்சியோடு நின்றுவிடும். அங்கிருந்து பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் ரயிலில் வர நாள் கணக்காகும். அந்தத் தபாலை நாம் விமானத்தில் கொண்டுபோனால் என்ன என்று முதலில் யோசித்தவர் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர். அந்த யோசனையை டாட்டாவிடம் கொண்டுவந்தார். கம்பெனி போட்ட மூலதனம் 2 லட்சம் ரூபாய். இரண்டு புஸ் மாத் விமானங்கள், ஜுஹுவில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், இவ்வளவுதான். அரசாங்கம் மானியம் கொடுக்க மறுத்துவிட்டது.

அந்த அக்டோபர் 15 காலை கராச்சியின் டிரிக் ரோடு தளத்திலிருந்து ஜே.ஆர்.டி. தனி ஆளாகக் கிளம்பினார். ஒற்றை எஞ்சின், ரேடியோ கிடையாது, கீழே ஓடுகிற கடற்கரையும் ரயில் பாதையும்தான் வழிகாட்டி. அகமதாபாத்தில் இறங்கினார், அங்கே பர்மா ஷெல் பெட்ரோல் டின் டின்னாக மாட்டு வண்டியில் வந்து நின்றது, ஊற்றிக்கொண்டு கிளம்பி மதியம் ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கே இரண்டாவது புஸ் மாத்தோடு வின்சென்ட் காத்திருந்தார். மெட்ராஸ் தபாலை அதில் மாற்றி ஏற்றிக்கொண்டு பெல்லாரி வரை போய், அங்கே ராத் தங்கி, மறுநாள் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். விமானம் என்றாலும் பொழுது சாய்ந்தால் தங்கித்தான் போக வேண்டும், மாட்டு வண்டிக்காரர்கள் சத்திரத்தில் தங்குகிற மாதிரி.

அப்புறம் மழைக்காலம். ஜுஹு தளம் அவ்வளவு பள்ளம், மழையோடு கடல் ஏறி வரும்போது தளமே தண்ணீருக்குள் போய்விடும். அதனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் விமானங்களையும் மெக்கானிக்குகளையும் கிளப்பிக்கொண்டு பூனாவுக்குப் போய், ஏரவாடா சிறைக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்திலிருந்து ஓட்டினார்கள். முதல் வருஷத்தில் பயணிகள் 155 பேர், லாபம் 60,000 ரூபாய். அந்தக் கொட்டகை 1946-ல் ஏர் இந்தியா ஆனது. வின்சென்ட் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, 1942-ல் போரின் நடுவே பிரான்ஸ் கரைக்கு அப்பால் அவர் வந்த விமானம் சுடப்பட்டுப் போனார். டாட்டா பெயரைச் சொல்லும்போது அவர் பெயரும் கூடவே வர வேண்டும், நம் ஊருக்குத் தபாலைக் கொண்டுவந்து இறக்கியது அவர் கை.

1982-ல் ஐம்பதாவது ஆண்டு நிறைவில், 78 வயதில் ஜே.ஆர்.டி. ஒரு பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அதே பயணத்தை மறுபடி தானே ஓட்டி வந்தார். அதே பயணத்தின் நினைவாக 2021 அக்டோபர் 15-ல், சின்னஞ்சிறு விமானத்தில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த ஆரோஹி பண்டிட், புஜ்ஜிலிருந்து அகமதாபாத் வழியாக ஜுஹுவுக்கு வந்து இறங்கினார்.

பெரிய ஜெட் ஒன்று தப்பாக ஜுஹுவில் இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது எப்படிச் சாத்தியம்? இரண்டு விமான நிலையத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?
— வாசகர், செம்பூர், மும்பை

ஒன்றில்லை, இரண்டு. 1953 ஜூலை 15-ல் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனியின் காமெட் ஜெட், மும்பையின் பெரிய விமான நிலையமான சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜுஹுவில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கியதை அவ்வளவு சின்னப் பாதையிலிருந்து மேலே கிளப்ப வேண்டுமே, ஒன்பது நாள் கழித்துத்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்தது 1972 செப்டம்பர் 24. ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.-8, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு. இது பாதை முடிந்த பிறகும் நிற்காமல் ஓடிவிட்டது. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள், விமானம் மட்டும் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை.

ஏன் என்றால், ஜுஹுவின் ஓடுபாதையும் சாந்தாகுரூஸின் பிரதான ஓடுபாதையும் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கின்றன. நடுவில் இரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மங்கலான வெளிச்சத்தில் தாழ்வாக வரும்போது முதலில் கண்ணில் படுவது எதுவோ அதுதான் ஓடுபாதை என்று கை போய்விடும். நீளத்தில்தான் வித்தியாசம்: பெரியது 3,400 மீட்டருக்கு மேல், ஜுஹுவில் சுமார் 1,140 மீட்டர். இன்றைக்கு இருக்கும் கருவிகளோடு அப்படி நடப்பது மிகவும் கடினம்.

என் வீட்டுக்காரர் கடலுக்குள் இருக்கிற மும்பை ஹை எண்ணெய் வயலில், ரிக்கில் வேலை பார்க்கிறார். பதினாலு நாள் அங்கே, பதினாலு நாள் வீடு. ஒவ்வொரு தடவையும் ஜுஹுவிலிருந்து ஹெலிகாப்டர். போய் இறங்கிவிட்டேன் என்று போன் வருகிற வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. அங்கே என்னதான் நடக்கிறது என்று சொல்லுங்கள்.
— வாசகி, கடலூர்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அத்தை மகனும் இதே வேலையில் இருந்தவன். அதனால் அவன் சொல்லக் கேட்டதையும், ஒருமுறை அவனைக் கொண்டுபோய் விட்டபோது வாசலில் நின்று பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

விடிகாலையில் பையோடு போய் நிற்பார்கள். முதலில் பையை எடை போடுவார்கள், அப்புறம் ஆளையும் நிறுத்தி எடை போடுவார்கள். அவன் அதைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹெலிகாப்டருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகிவிடும், தூக்கும் சக்தி குறையும், அதனால் எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்பதெல்லாம் அன்றைய வெப்பத்தைப் பார்த்து முடிவாகும். பிறகு பாதுகாப்புப் படம் போட்டுக் காட்டுவார்கள். நூறாவது முறை போகிறவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். சுற்றுகிற இறக்கைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக நடந்து போவதை நான் மதிலுக்கு வெளியே இருந்து பார்த்தேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, முன்னால் போகிறவர் தோளைத் தொட்டுக்கொண்டு போனார்கள். கடலுக்கு மேலே சுமார் 160 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே பச்சைத் தட்டில் பெரிதாக 'எச்' போட்டிருக்கும் தளத்தில் இறக்கிவிட்டு, முறை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்.

விபத்தே நடக்காது என்று உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். 2018 ஜனவரி 13-ல் ஜுஹுவிலிருந்து கிளம்பிய பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் கடலில் விழுந்து ஏழு பேரும் போனார்கள். 2022 ஜூன் 28-ல் இன்னொன்று ரிக்குக்குப் பக்கத்திலேயே கடலில் இறங்கியது, ஒன்பது பேரில் ஐந்து பேரை மீட்டார்கள், நாலு பேர் இறந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு பயிற்சி பற்றி உங்களிடம் சொல்லியிருக்கலாம், இல்லை பயப்படுவீர்கள் என்று சொல்லாமலும் இருந்திருக்கலாம்: ஹெலிகாப்டர் அறை மாதிரி ஒரு கூண்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் அமிழ்த்தி, அப்படியே தலைகீழாகப் புரட்டுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும், மேல் எது கீழ் எது என்றே தெரியாது. ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அசைவு நின்ற பிறகு மறு கையால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், பிடித்த கையை விடாமல் அந்த ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டும். பெல்ட்டை அவசரப்பட்டு முதலில் கழற்றிவிட்டால் உள்ளேயே மிதந்து திசை தெரியாமல் போய்விடும் என்பதால் அந்த வரிசையை மாற்றவே கூடாது. அத்தை மகன் பதினைந்து வருஷம் கழித்தும் எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்து காட்டினான், கை தானாகப் போனது. உங்கள் வீட்டுக்காரரின் கைக்கும் அது தெரிந்திருக்கும். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது கேட்டுப் பாருங்கள்.

ஏர்போர்ட் பக்கத்தில் அறுபது வருஷப் பழைய கட்டடத்தில் குடியிருக்கிறோம். மேல் தளத்தில் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. உயரக் கட்டுப்பாட்டால் எந்த பில்டரும் மறுகட்டுமானத்துக்கு வர மாட்டேன் என்கிறான். நாலு ஹெலிகாப்டருக்காக நாங்கள் இடிபாட்டில் இருக்க வேண்டுமா? அதை மூடினால் என்ன?
— வாசகர், வில்லே பார்லே மேற்கு

உங்கள் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜுஹுவை மூடினால் உங்கள் கட்டடம் உயரும் என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்கு முழுக் கணக்கைக் காட்டவில்லை.

கணக்கு இதுதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை போட்டிருக்கிறார்கள், சர்வதேச விதி. ஓடுபாதையின் இரண்டு முனைகளிலும் அது சரிவாக ஏறும், சுற்றுவட்டாரத்தில் தரையிலிருந்து 45 மீட்டரில் தட்டையாக நிற்கும். பெரிய விமான நிலையம் என்றால் அந்தத் தட்டைக் கூரை 4 கிலோமீட்டர் வரை பரவும். சாந்தாகுரூஸ் ஓடுபாதை உங்கள் வீட்டிலிருந்து அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஜுஹுவை நாளைக்கே உழுது போட்டாலும் அந்தக் கூரை நகராது. ஜுஹு முனைகளின் சரிவுக்கு நேர் கீழே இருக்கிற சில வீதிகளுக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

நாலு ஹெலிகாப்டர் என்கிறீர்கள். மேலே கடலூர் வாசகி எழுதியிருப்பதைப் படியுங்கள். மும்பை ஹையில் எண்ணெய் கண்டுபிடித்தது 1974-ல், அன்றிலிருந்து அங்கே வேலை செய்கிறவர்கள் கரைக்கு வர இதுதான் வாசல். இவற்றைச் சாந்தாகுரூஸுக்கு மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். அங்கே இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அந்த ஒன்றில் தினமும் 900-க்கும் மேல் விமானங்கள் ஏறி இறங்குகின்றன. பெரிய ஜெட்டுக்குப் பின்னால் சுழன்று வருகிற காற்றில் சின்ன ஹெலிகாப்டர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இடைவெளி விட்டால், அந்த இடைவெளியில் வர வேண்டிய விமானம் வானத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும்.

உங்களுக்குச் சேர வேண்டியது வேறு. உயரம் கொடுக்க முடியாவிட்டால் அந்தக் கட்டட உரிமையை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளவோ விற்கவோ வழி வேண்டும், ஊருக்காக ஒரு தெரு தாங்குகிற சுமையில் ஊரும் பங்கு எடுக்க வேண்டும். அதை உரக்கக் கேளுங்கள், நானும் உங்களோடு கேட்கிறேன். கான்கிரீட் விழுவது உண்மையென்றால் முதலில் கட்டடத்தின் உறுதியைச் சோதிக்க மாநகராட்சியிடம் எழுத்தில் மனு கொடுங்கள், மறுகட்டுமானம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஜுஹு கிளப்பில் சேர்ந்தால் ஜே.ஆர்.டி. பறந்த அதே இடத்தில் பறக்கலாமா?
— மாணவர், மதுரை

பறக்க முடியாது தம்பி. பாம்பே ஃப்ளையிங் கிளப் ஜுஹுவில் இன்னும் இருக்கிறது, விமானப் பராமரிப்பு எஞ்சினியரிங் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் வானத்தில் இடமில்லாததால் பறக்கும் பயிற்சியை மகாராஷ்டிராவின் உட்பகுதியில் துலே என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். எந்தப் பள்ளியானாலும் பணம் கட்டுவதற்கு முன் இரண்டே விஷயத்தை நேரில் போய்ப் பார்: இன்றைக்கு உண்மையில் பறக்கிற நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது, போன வருஷம் சேர்ந்த பையன்கள் எத்தனை மணி நேரம் முடித்திருக்கிறார்கள். கொட்டகையில் எஞ்சின் கழற்றிக் கிடக்கிற விமானத்தைக் கணக்கில் சேர்க்காதே.

இந்த மாதிரிச் சின்ன விமான நிலையங்களை மூடிய ஊர்கள் உண்டா? மூடியபின் என்ன ஆனது?
— வாசகர், பெங்களூரு

உண்டு. டெல்லியின் சஃப்தர்ஜங் 1929-ல் வந்தது. 2001-ல் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக் காரணம் சொல்லி அங்கே விமானம் பறப்பதை நிறுத்தினார்கள், நிறுத்தியது நிறுத்தியதுதான். கலிபோர்னியாவில் சாந்தா மோனிகா, டி.சி.-3 என்ற புகழ்பெற்ற விமானம் பிறந்த இடம், 2028 கடைசியோடு மூட நகரத்துக்கு உரிமை கிடைத்திருக்கிறது. சத்தமும் புகையும் தாங்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் பல வருஷம் போராடினார்கள்.

என்னை உலுக்கியது சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட். ஏரிக்கரையில், நகரத்தின் மையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை ஓடுபாதை. 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் ரிச்சர்ட் எம். டேலி புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டச் சொன்னார். முன்னறிவிப்பு கிடையாது. விடிந்தபோது 16 விமானங்கள் கிளம்ப வழியில்லாமல் நின்றன. பிறகு அவை ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்து போகும் தடத்திலிருந்து ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. முன்கூட்டிச் சொல்லாததற்கு நகரத்துக்கு விதித்த அபராதம் வெறும் 33,000 டாலர். இன்று அது பூங்கா, நல்ல பூங்காதான். ஆனால் நகர மையத்தில் அப்படி நேராக ஒரு நிலம் இனி எந்த விலைக்கும் கிடைக்காது. உங்கள் ஊரிலேயே ஜக்கூர் பயிற்சி விமானத் தளம் இருக்கிறதே, பக்கத்தில் மேம்பாலம் வந்தபோது என்ன பாடுபட்டது என்பதை அங்கே பயிற்சி எடுத்தவர்களைக் கேளுங்கள். புல்டோசர் வர வேண்டும் என்றுகூட இல்லை, முனையில் ஒரு உயரமான கட்டுமானம் போதும்.

குழந்தைகளோடு மும்பை போகிறோம். ஜுஹு விமான நிலையத்தைப் பார்க்க விடுவார்களா?
— வாசகி, ஈரோடு

உள்ளே விட மாட்டார்கள். ஆனால் மும்பையிலிருந்து திரும்பும்போது வலது பக்க ஜன்னல் இருக்கை வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாட்களில் விமானம் மேற்கே கடலைப் பார்த்துத்தான் கிளம்பும். சக்கரம் தரையை விட்டதும் குழந்தைகளைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள், கண் சிமிட்டுகிற நேரம்தான் கிடைக்கும். கட்டடங்களுக்கு நடுவே ஒரு பச்சைத் துண்டு, அதன் குறுக்கே கறுப்புக் கோடு, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஹெலிகாப்டர்கள். அடுத்த நொடி கடல் வந்துவிடும்.